கைப்பிடிக்குக் கீழே இரண்டு சிவப்புப் பொட்டு

காந்தத்தை ஒட்டிப் பார்க்காமல் அவர் எதையும் கையில் வாங்கி நான் பார்த்ததில்லை. பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய வட்டக் காந்தம் அது. சணல் கயிற்றில் கட்டிச் சட்டைப் பைக்குள் போட்டிருப்பார். டீக்கடை டம்ளர், பஸ் சீட்டுக் கம்பி, புதிதாக வாங்கிய பூட்டு, எதையும் விட்டுவைக்க மாட்டார். அவர் பக்கத்துப் போர்ஷனுக்குக் குடிவந்த வருஷம், கிறிஸ்துமஸுக்கு நான் பலகாரத் தட்டு கொண்டுபோய்க் கொடுத்தேன். தட்டின் அடியில் காந்தத்தை வைத்துப் பார்த்துவிட்டு, "தட்டு நல்ல தட்டும்மா" என்று சொன்ன பிறகுதான் முறுக்கை எடுத்தார்.

"முறுக்குல ஒட்டிப் பாக்காம உட்டாரே, அதுக்கே சந்தோசப்படு" என்று என் கணவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஊர் உலகத்தையே இப்படிச் சந்தேகப்படுகிற மனுஷன், தான் என்ன செய்துவிட்டு வந்து இங்கே ஒண்டியிருக்கிறானோ என்று அன்றைக்கே எனக்குள் ஒரு முள் விழுந்துவிட்டது. நான் அப்படித்தான். ஒருத்தர் மேல் எனக்கு விழுந்த முள்ளை நானே பிடுங்கியதில்லை.

அது 2006. சிதம்பரத்தில் நாங்கள் குடியிருந்தது ஒரே வீட்டை நடுவில் சுவர் வைத்து இரண்டாக்கிய போர்ஷன். சுவர் கொல்லை வரை நீண்டு கிணற்றின் குறுக்காகப் போகும். இந்தப் பக்கம் பாதி எங்களுக்கு, அந்தப் பக்கம் பாதி அவருக்கு. ராட்டினம் இரண்டு, கயிறு இரண்டு, தண்ணீர் ஒன்று. என் கணவர் காலை பஸ்ஸில் கடலூருக்கு, மஞ்சக்குப்பத்தில் இருக்கிற ஆபீசுக்குப் போனால் இருட்டுகிற நேரத்துக்குத்தான் திரும்புவார். நான் கொல்லைப்பக்க ஜன்னலோரம் தையல் மிஷினைப் போட்டுக்கொண்டு ஜாக்கெட் தைப்பேன். மகள் ஜெனிக்கு அப்போது மூன்று வயது. கிணற்றுக்குள் குனிந்தால், சுவருக்கு அடியில் தண்ணீரில் அந்தப் பக்கத்து ஆளின் முகம் தெரியும். நான் தண்ணீர் இறைக்கப் போனதைவிட அந்த முகத்தைப் பார்க்கப் போனதுதான் ஜாஸ்தி.

என்ன வேலை செய்கிறார் என்று ஒரு மாசம் யாருக்கும் தெரியவில்லை. ஆட்கள் சாக்கில் எதையோ சுற்றிக்கொண்டு வருவார்கள், சாக்கோடு போவார்கள். தெருவில் "திருட்டு வண்டியப் பிரிச்சி மேயுறான்" என்று ஒரு பேச்சு கிளம்பியது. கிளப்பியவர்களில் நானும் உண்டு. பிறகு ஒருநாள் அவரே சுவருக்கு மேல் ஒரு புல்லட்டின் சைலன்சரைத் தூக்கிக் காட்டினார். பாதி பளபள, பாதி துருப்பிடித்துச் செதில் செதிலாக இருந்தது.

"இது மேல இருக்குற குரோமு செத்துப்போச்சும்மா. செத்ததுக்கு மேல புதுசு போட்டா நிக்காது. பழச உரிச்சாத்தான் புதுசு ஒட்டும். உரிக்கிறதுதான் நம்ம வேல. போடுறது கடலூர்ல இருக்குற பட்டறைக்காரன் வேல."

மோட்டார் சைக்கிள் சாமான்களின் குரோம் முலாமை உரிப்பது. இதற்கு ஒரு பிழைப்பா என்று எனக்கு ஆச்சரியம். பரங்கிப்பேட்டையிலிருந்து வெளிநாடு போய்ச் சம்பாதிக்கிற பையன்கள் லீவில் வரும்போது பழைய புல்லட்டுகளை வாங்கிப் புதுசாக்குவார்கள். அவர்களால்தான் அவருடைய அடுப்பு எரிந்தது. கொல்லையில் ஒரு பிளாஸ்டிக் டிரம். அதில் காஸ்டிக் சோடா கரைத்த தண்ணீர். குறுக்கே ஒரு மூங்கில், மூங்கிலில் செப்புக் கம்பி, கம்பியில் ஹேண்டில்பாரோ மட்கார்டோ தொங்கும். பக்கத்தில் பேட்டரி சார்ஜர். கரண்ட் விட்டதும் டிரம் புஸ்ஸென்று நுரைக்கும். தண்ணீர் வெள்ளையாக இருந்தது மஞ்சளாகும். அரை மணியில் பளபளப்பெல்லாம் தண்ணீருக்குள் போய்விட, சாமான் சாம்பல் பூத்துப்போய் வெளியே வரும். கரண்ட் கட் ஆனால் அவர் கையைக் கட்டிக்கொண்டு டிரம்மையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அந்தக் காலத்தில் சிதம்பரத்தில் கரண்ட் இருந்த நேரத்தைவிட இல்லாத நேரம்தான் அதிகம். அதனால் அவர் உட்கார்ந்திருந்ததுதான் எனக்கு அதிகம் நினைவிருக்கிறது.

அவர் மூச்சு விட்டால் விசில் சத்தம் வரும். மெல்லிய சத்தம்தான். சுவருக்கு அந்தப் பக்கம் அவர் இருக்கிறாரா இல்லையா என்று அதை வைத்தே சொல்லிவிடலாம். "சளியாண்ணே?" என்று ஒருமுறை கேட்டேன். மூக்கைத் தொட்டுக் காட்டினார்.

"நடுத்தண்டுல ஓட்ட. பட்டறையில பதினாறு வருசம் குரோமு தொட்டிப் பக்கத்துல நின்னேன் இல்ல, அந்த ஆவி தின்னுடுச்சு. உன் ஊசிய இந்தப் பக்கம் உட்டா அந்தப் பக்கம் எடுத்துடலாம்."

சொல்லிவிட்டு அவர் சிரித்தார். எனக்குக் கையிலிருந்த ஊசியைக் கீழே போட்டுவிடலாம்போல் இருந்தது.

மூக்கில் ஓட்டை விழுந்ததோடு வாசனையும் போய்விட்டது அவருக்கு. மல்லிகைப்பூவும் தெரியாது, கருவாடும் தெரியாது. டிரம்மிலிருந்து ஆவி கிளம்பினால் அதுவும் தெரியாது. எதையும் யாரையும் நம்பாத அந்த மனுஷனுக்கு இது ஒன்றில் மட்டும் வேறு வழியில்லாமல் போனது. ஒவ்வொரு தடவை கரண்ட் விட்டதும் கிணற்றுக்குள் குனிந்து கூப்பிடுவார். குரல் கிணற்றுக்குள் போய் எங்கள் பக்கமாக மேலே வரும்.

"டைலரம்மா! நெடி வருதா?"

"இல்லண்ணே."

அவ்வளவுதான் பேச்சு. நான் "இல்லை" என்றால் வேலை நடக்கும். எப்போதாவது காற்று இந்தப் பக்கம் திரும்பி, சுண்ணாம்பு வேகிறமாதிரி மூக்கை அரிக்கும். "வருது" என்பேன். அடுத்த நொடி சார்ஜரின் உறுமல் நின்றுவிடும். "கொழந்த இருக்குற ஊடு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார்.

இதை நான் ஒருநாள் கெட்ட புத்தியோடு பயன்படுத்திக்கொண்டேன். இதையும் எழுதித்தான் ஆகவேண்டும். கடலூரிலிருந்து என் நாத்தனார் குடும்பம் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்திருந்தது. அவளுக்கு நாங்கள் சிதம்பரத்தில் குடியிருப்பதே இளப்பம். அந்த உறுமலும் நுரைச் சத்தமும் கேட்டு, "என்னா அண்ணி இது, பக்கத்துல ஃபேக்டரியா?" என்று உதட்டைப் பிதுக்கினாள். எனக்குச் சுருக்கென்றது. கொல்லைக்குப் போய், அவர் கேட்பதற்கு முன்னால் நானே கிணற்றுக்குள் குனிந்து சொன்னேன். "அண்ணே, நெடி வருது. ரொம்ப வருது." ஒரு நெடியும் இல்லை. குழம்பு வாசனை மட்டும்தான் வந்துகொண்டிருந்தது.

சார்ஜர் நின்றது. சாயங்காலம் ஒரு பரங்கிப்பேட்டைப் பையன் வந்து கத்துகிற சத்தம் கேட்டது.

"நாளக்கி எனக்கு ஃப்ளைட்டுண்ணே! அரகொறையா குடுத்தா நான் என்னா பண்றது?"

"அந்தப் பக்கம் நெடி போவுதாம். இன்னிக்கி முடியாது தம்பி."

"யாரு சொன்னா?"

"டைலரம்மா சொல்லுச்சு. அது மூக்கு பொய் சொல்லாது."

பையன் சாமானைச் சாக்கில் போட்டு எடுத்துக்கொண்டு போய்விட்டான். அதற்குப் பிறகு அவன் வரவே இல்லை. நான் ஜன்னலைச் சாத்திக்கொண்டு மிஷினை மிதித்தேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் வெட்கம் சந்தேகத்தைக் குறைக்காது என்று அப்போது தெரிந்துகொண்டேன். மாறாக, நாம் கெடுதல் செய்த ஆள்மேல்தான் நமக்குச் சந்தேகம் கூடுகிறது.

ஓனர் மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டு போர்ஷனும் அவருடையது. எங்கள் மாதிரிக் கிறிஸ்தவக் கோயில்காரர்தான். மஞ்சக்குப்பத்தில் சொந்த வீட்டில் இருந்துகொண்டு மாசத்துக்கு ஒருமுறை வந்து சுவரைத் தட்டி, குழாயைத் திருகிப் பார்த்துவிட்டுப் போவார். எங்கள் சின்னக் கோயிலின் திருவிழாவுக்கு ஒரு வருஷம் அவர் இரண்டு பெரிய மெழுகுவர்த்தித் தண்டு காணிக்கையாகக் கொடுத்தார். "அசல் பித்தளை" என்று சாமியார் மைக்கில் அறிவித்தார். பூசை முடிந்து எல்லோரும் சாப்பாட்டுப் பந்திக்கு நகர்கிற நேரம். பக்கத்துப் போர்ஷன்காரர் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் பிரியாணிக்கு வந்திருந்தார். பந்திக்குப் போகிறவர் நேராகப் பீடத்தருகே போய், பையிலிருந்து காந்தத்தை எடுத்து மெழுகுவர்த்தித் தண்டில் வைத்தார். டக்கென்று ஒட்டிக்கொண்டது.

"இரும்பு. மேல முலாம்" என்றார். யாரிடமும் சொல்லவில்லை, சும்மா சொன்னார். ஆனால் பத்துப் பேர் கேட்டார்கள். ஓனர் மாமாவின் முகம் செத்துவிட்டது. கடைக்காரன்தான் அவரை ஏமாற்றியிருக்கிறான் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. இவர் அதையெல்லாம் பார்க்கவில்லை. காந்தத்தைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு பந்தியில் போய் உட்கார்ந்துவிட்டார். ஒரு விஷயம் உண்மையா பொய்யா என்று தெரிந்துவிட்டால் போதும் அவருக்கு. தெரிந்ததால் யாருக்கு என்ன ஆகிறது என்பது அவர் கணக்கிலேயே கிடையாது.

அந்த மஞ்சள் தண்ணீர் எங்கே போகிறது? இதுதான் நாலு வருஷம் என் தூக்கத்தைக் கெடுத்த கேள்வி. டிரம்மில் நுரைக்கிற தண்ணீர் ஒருநாள் கெட்டுப்போகும், வேறு கரைக்க வேண்டும். கெட்டதை எங்கே ஊற்றுகிறார்? சாக்கடையில் நான் பார்க்கவில்லை. கொல்லையிலும் ஈரமில்லை. அப்படியானால் எங்கள் இருவருக்கும் நடுவில் இருக்கிற பள்ளம் ஒன்றே ஒன்றுதான். கிணறு. ஜெனி குடிக்கிற தண்ணீர்.

ஒரு கிறிஸ்துமஸ் தட்டைச் சாக்காக வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். கூடத்தில் கால் வைக்க இடமில்லை. இருபது லிட்டர் வெள்ளைக் கேன்கள், மூடி இறுக்கி, ஜன்னல் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. அறையிலும் கேன்கள். அவருடைய பாயும் தலையணையும் சமையல்கட்டில், அடுப்புக்குப் பக்கத்தில் கிடந்தன. ஒவ்வொரு கேனிலும் கைப்பிடிக்குக் கீழே சிவப்புப் பெயிண்டில் இரண்டு பொட்டு.

"எல்லாம் அந்தத் தண்ணிதாம்மா" என்றார். "எங்க கொண்டுபோயி ஊத்தச் சொல்ற? சாக்கடையில ஊத்தினா வாய்க்காலுக்குப் போவுது. மண்ணுல ஊத்தினா கெணத்துக்குப் போவுது. பட்டறையில இருக்கச்ச பின்பக்கம் ஊத்துவானுங்க, பாத்திருக்கேன். என் மூக்கத் தின்ன சாமானு அது. என் கையால அத வெளிய உடமாட்டேன்."

"விஷம்னு எழுதி வெக்கலாமேண்ணே?"

"எழுதினா உள்ள என்னமோ விலையுள்ளது இருக்குன்னு நெனச்சித் தூக்கிக்கிட்டுப் போவான். யாருக்கும் தெரியக் கூடாது. உனக்கு மட்டும் சொல்றேன். ரெண்டு செவப்புப் பொட்டு இருந்தா தொடாத. பாப்பாவையும் தொடவிடாத."

எடுத்துக்கொள்வதாக ஒரு கம்பெனியில் சொல்லியிருக்கிறார்களாம். ஆனால் எடுத்துக்கொண்டுபோய் அவர்கள் என்ன செய்வார்கள்? அதைப் பார்ப்பதற்காக அவர் பஸ் ஏறிப்போய் அந்தக் கம்பெனியின் பின்பக்கக் கேட்டுக்கு எதிரில் மூன்று நாள் உட்கார்ந்திருந்தாராம். "இன்னும் சந்தேகம் தெளியல. தெளிஞ்சப்புறம் குடுக்கலாம்" என்றார். இரண்டு வருஷமாகத் தெளியவில்லை. கேன்கள் மட்டும் ஏறிக்கொண்டே போயின.

அன்று ராத்திரி என் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நல்ல மனுஷன், சட்டென்று நம்பிவிடுவார். "பாவம் ஸ்டெல்லா, படுக்க எடமில்லாமக் கெடக்குறாரு" என்றார். நான் நம்பவில்லை. இருபது கேனைக் காட்டி இருபத்தொன்றாவதைக் கிணற்றில் ஊற்றினால் யாருக்குத் தெரியும்? தினம் காலையில் அவர் தன் பக்கம் ஒரு வாளி இறைத்து, கையில் ஏந்திக் குடிப்பார். பிறகுதான் குடத்தில் ஊற்றுவார். அதுகூட எனக்குக் காட்டுவதற்காகத்தான் என்று நினைத்தேன்.

2010 ஆடி மாசம் கிணற்றுத் தண்ணீர் மஞ்சளானது.

எனக்கு அந்த மாசம் தலைக்கு மேல் வேலை. பால்குடம் எடுக்கிற பெண்கள் குழு ஒன்று முதல்முறையாக நாற்பது மஞ்சள் ஜாக்கெட் தைக்கக் கொடுத்திருந்தது. காலையில் தண்ணீர் இறைத்தால் வாளிக்குள் இளமஞ்சள். கிணற்றுக்குள் குனிந்து கத்தினேன். "அண்ணே! தண்ணியப் பாருங்க!"

அவர் முகம் தண்ணீரில் வந்தது. ஒரு வாளி இறைத்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், குடித்தார். விசில் சத்தம் கிணற்றுக்குள் இரண்டு மடங்காகக் கேட்டது.

"இது என் மஞ்ச இல்லம்மா. இது எனக்குத் தெரியாத மஞ்சளா இருக்கு."

"மஞ்சள்ல என்னாண்ணே உங்க மஞ்ச, என் மஞ்ச? எம் பொண்ணு குடிக்கிறா இத!"

"நான் சொன்னேன்னு நம்பாத. நான் ஒரு வாரம் வேலைய நிறுத்திடுறேன். அப்பவும் மஞ்ச வந்தா நான் இல்ல. வரலன்னா நான்தான். பாத்துட்டு நீயே சொல்லு."

நியாயமான பேச்சு. ஒரு வாரம் பொறுத்திருக்கலாம். முதல் நாள் மஞ்சள், இரண்டாம் நாள் இன்னும் மஞ்சள். வேலையை நிறுத்திவிட்டதாகச் சொல்லிவிட்டு மறைவாக ஊற்றுகிறார் என்று எனக்கு நானே முடிவுகட்டினேன். மூன்றாம் நாள் ஓனர் மாமா வந்தார். நான் ஒரு கண்ணாடி பாட்டிலில் தண்ணீரைப் பிடித்து அவர் கையில் கொடுத்தேன். உள்ளே எத்தனை கேன் இருக்கிறது என்பதையும் சொன்னேன்.

"நான் அப்பவே நெனச்சேன்" என்றார் மாமா. எப்போது நினைத்தார் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். மெழுகுவர்த்தித் தண்டை இரண்டு பேரும் வாய் திறந்து சொல்லவில்லை.

மறுநாளே காலி செய்யச் சொல்லிவிட்டார். சுவருக்கு அந்தப் பக்கம் அவர் கெஞ்சுவதை நான் கேட்டுக்கொண்டிருந்தேன். தனக்காகக் கெஞ்சவில்லை. "கேன நானே எடுத்துக்கிட்டுப் போறேன், ஒரு வாரம் குடுங்க. வேற யார் கையிலயும் குடுக்காதீங்க" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். "அதெல்லாம் நான் டிராக்டர் வெச்சி அனுப்பிக்கிறேன், நீ கெளம்பு" என்றார் மாமா.

கிளம்பும்போது எங்கள் வாசலுக்கு வந்தார். தோளில் ஒரு சாக்கு, கையில் சார்ஜர். புகார் சொன்னது நான்தான் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. அவராகவும் நினைக்கவில்லை.

"டைலரம்மா, உள்ள முப்பத்தொண்ணு இருக்கு. டிராக்டர்காரன் எங்க கொண்டுபோறான்னு கூடப் போய்ப் பாத்துக்க. உன்ன நம்பித்தான் உட்டுட்டுப் போறேன்."

நாலு வருஷத்தில் அவர் வாயிலிருந்து 'நம்பி' என்ற வார்த்தையை நான் கேட்டது அன்று ஒரு தடவைதான். "சரிண்ணே" என்றேன். மறுநாள் டிராக்டர் வந்தது. கேன்களை ஏற்றுகிற சத்தம் கேட்டது. நான் எழுந்து போய்ப் பார்க்கவில்லை. நாற்பது ஜாக்கெட்டில் ஒன்பது பாக்கி இருந்தது. விட்டது தொல்லை என்று ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு தைத்தேன்.

ஆடி முடிந்தது, தண்ணீர் தெளிந்தது. பார்த்தீர்களா என்று என் கணவரிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

அடுத்த ஆடி வந்தது. அதே பெண்கள் குழு, இந்தத் தடவை அறுபது ஜாக்கெட். கிணறு மறுபடியும் மஞ்சள். அந்தப் பக்கப் போர்ஷன் காலியாகவே கிடந்தது, ஒரு டிரம்கூட இல்லை. தூர் எடுக்க ஆள் கூப்பிட்டேன். அவன் கயிற்றில் இறங்கிப் பார்த்துவிட்டு மேலே வந்து, எங்கள் பக்கத் துவைக்கிற கல்லைக் காலால் தட்டினான்.

"அக்கா, இந்தக் கல்லுக்கு அடியில மேட வெடிச்சிருக்கு. நீங்க இங்க ஊத்துற தண்ணியெல்லாம் நேரா உள்ளதான் எறங்குது. இங்க என்னா ஊத்துனீங்க?"

தைப்பதற்கு முன்னால் லைனிங் துணியை ஊற வைக்க வேண்டும். இல்லாவிட்டால் முதல் துவைப்பில் சுருங்கி ஜாக்கெட் கோணிக்கொள்ளும். நாற்பது ஜாக்கெட்டுக்கான மஞ்சள் லைனிங்கை அந்தக் கல்லின் மேல்தான் ஊற வைத்தேன், அங்கேதான் பிழிந்தேன், அங்கேதான் ஊற்றினேன். மட்டமான சாயம், வெளுத்துக்கொண்டே இருந்தது. என் கிணற்றை மஞ்சளாக்கியவள் நான். ஒரு வாரம் பொறுத்திருந்தால் அவர் சொன்ன சோதனையிலேயே சாயம் வெளுத்திருக்கும், துணியோடு சேர்ந்து என்னுடையதும்.

என் கணவர் கடலூரில் தேடிப் பார்த்தார். பஸ் ஸ்டாண்டில் ஒரு ஆள் கைப்பிடிக் கம்பியில் காந்தம் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்ததாக யாரோ சொன்னார்கள். போய்ப் பார்த்தபோது ஆள் இல்லை. பெயரைச் சொல்லி விசாரிக்கலாம் என்றால் எனக்கு அவர் பெயரே தெரியாது. காந்தக்காரர் என்றுதான் தெருவே சொன்னது. ஓனர் மாமாவைக் கேட்டால் தெரியும். எதற்கு என்று திருப்பிக் கேட்பாரே, அதற்குப் பயந்து நான் கேட்கவில்லை.

அந்த வருஷக் கடைசியில் புயல் அடித்தது. கடலூர் நிலைகுலைந்து போனது. சிதம்பரத்திலும் கம்பங்கள் சாய்ந்து, நாள் கணக்கில் கரண்ட் இல்லை, குழாயில் தண்ணீர் இல்லை, மோட்டார் ஓடவில்லை. கையால் இறைக்கிற கிணறு எங்கள் தெருவில் ஒன்றே ஒன்றுதான். ஜனவரி பிறந்தபோது எங்கள் கொல்லை வழியாகத் தெருவே வந்துபோனது. குடம், அண்டா, தவலை, கேன். நான் ராட்டினத்தண்டை நின்று ஒவ்வொருவருக்கும் ஊற்றிக்கொண்டிருந்தேன். மனசுக்குள் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

எதிர்வீட்டு மல்லிகா நீட்டிய கேன் வெள்ளைக் கேன். ஊற்றும்போது கைப்பிடிக்குக் கீழே கண் போனது. இரண்டு சிவப்புப் பொட்டு. பாதி தேய்ந்திருந்தன, ஆனால் இரண்டு.

வாளியைக் கிணற்று மேடையில் வைத்துவிட்டேன்.

"இது எங்கேந்து வந்துச்சு மல்லிகா?"

"முந்துன வருசம் அந்தக் காந்தக்காரர் வூட்ட காலி பண்ணாங்களே, அந்த டிராக்டர்காரன் குடுத்தான்க்கா. உள்ள என்னமோ மஞ்சத் தண்ணி இருந்துச்சு, ஓடையில கொட்டிட்டு கேன கேட்டவங்களுக்கெல்லாம் குடுத்துட்டான். நல்ல கெட்டி கேனு. ஏங்க்கா?"

வரிசையைத் திரும்பிப் பார்த்தேன். குனிந்து ஒவ்வொரு கைப்பிடிக்குக் கீழேயும் பார்த்துக்கொண்டே போனேன். பொட்டு வைத்த கேன்கள் ஐந்து. மீதி இருபத்தாறு எந்தெந்த வீட்டுச் சமையல்கட்டில் இருக்கிறதோ. ஒன்றரை வருஷமாகக் குடித்துக்கொண்டிருக்கிறார்கள். ஆண்டவரே, இந்த ஐந்து கேன் தண்ணீரும் இப்போது நான் ஊற்றிக் கொடுத்தது.

"இதுல யாரும் குடிக்காதீங்க. இது விஷம் இருந்த கேனு."

"ஒன்றரை வருசமாக் குடிக்கிறோம், ஒண்ணும் ஆவலையே" என்றாள் மல்லிகா. அவள் இடுப்பில் கைக்குழந்தை. ஆகியிருக்கிறதா, ஆகப்போகிறதா, கழுவிக் கழுவிப் போய்விட்டதா, எனக்கு எப்படித் தெரியும்? தெரிந்த ஒரே ஆளை நான்தான் துரத்திவிட்டேன்.

கேனை வாங்கித் தண்ணீரைக் கீழே கவிழ்த்தேன். வாய்க்குள் மூக்கை வைத்து மோந்து பார்த்தேன். பிளாஸ்டிக் வாசனை, தண்ணீர் வாசனை. வேறு ஒன்றும் இல்லை. எல்லோரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னாக்கா, நெடி வருதா?" என்றாள் மல்லிகா.

"வருது" என்றேன். "ரொம்ப வருது. எல்லாத்தையும் ஊத்துங்க. கேன இங்கயே போட்டுடுங்க, எங்க வூட்டுக் கொடத்த எடுத்துக்கிட்டுப் போங்க."

நாலு பேர் கேனைப் போட்டார்கள். ஐந்தாவது, தெருக்கோடி வீட்டுப் பெண். அவள் தன் கேனுக்குள் மூக்கை வைத்து நிதானமாக மோந்தாள். என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எனக்கு ஒண்ணும் வரலியே. உங் கெணத்துல தண்ணி குடுக்க இஷ்டமில்லன்னா நேரா சொல்லு. எதுக்கு இந்தப் பொய்யி?"

கேனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் போய்விட்டாள். நான் பின்னாலேயே ஓடினேன். அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். சாத்திய கதவுக்கு முன்னால் நிற்கும்போதுதான் எனக்கு அழுகை வந்தது. அவள் கேட்டது சரியான கேள்விதான். யாராக இருந்தாலும் கேட்டிருப்பார்கள். டம்ளரைச் சந்தேகப்பட்டு, பூட்டைச் சந்தேகப்பட்டு, கோயில் மெழுகுவர்த்தித் தண்டையே சந்தேகப்பட்ட அந்த மனுஷன், நாலு வருஷத்தில் ஒருநாள்கூட என்னிடம் அதைக் கேட்டதில்லை.